அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு ரெஸ்யூம் எழுதுவது எப்படி: திருப்பூர் முதல் நாமக்கல் வரை

"டேலி தெரியும், ஜிஎஸ்டி தெரியும், எக்செல் தெரியும்." இந்த மூன்று வரியைப் படித்து முடிக்கும் அக்கவுண்டன்ட்டுக்கு ஒரு சந்தேகம்கூடத் தீர்ந்திருக்காது. அவர் மேசையில் நேற்று வந்த பர்ச்சேஸ் பில் கட்டு கிடக்கிறது. அதைப் புதிதாக வருபவரிடம் கொடுத்தால் எதுவரை கொண்டுபோவார்? என்ட்ரி போடுவதோடு சரியா? டெலிவரி சலானோடு ஒத்துப் பார்ப்பாரா? 2பி-யில் (சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) ஏறாத பில்லுக்குப் பார்ட்டிக்குப் போன் போடுவாரா? அவருக்குத் தெரிய வேண்டியது இதுதான். எந்தக் கணக்கை, எந்தக் காகிதத்திலிருந்து, எதுவரை உங்கள் கையால் எழுதினீர்கள் என்று சொல்லும் ரெஸ்யூமை அவர் தனியே எடுத்து வைப்பார்.

முதலில் ஒரு வெள்ளைத் தாள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, அக்கவுண்ட்ஸ் பிரிவின் மாதத் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். 7ஆம் தேதி, போன மாதம் பிடித்த டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) கட்டும் நாள். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். 11, மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம். 14, ஜிஎஸ்டிஆர்-2பி வரும் நாள். 15, பிஎஃப், இஎஸ்ஐ. 20, ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது வரி கட்டும் ரிட்டர்ன். நீங்கள் இருந்தது காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறு கம்பெனி என்றால் ஜிஎஸ்டிஆர்-1க்கு 13, தமிழ்நாட்டில் 3பி-க்கு 22. வாரக் கூலி கொடுக்கும் இடமானால் சனிக்கிழமைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நான்கு விஷயம் எழுதுங்கள்: உங்கள் கைக்கு வந்த காகிதம் எது, அதை எதில் ஏற்றினீர்கள், யார் சரிபார்த்தார், உங்கள் வேலை எந்த இடத்தில் முடிந்தது. கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆடிட்டர் ஆபீஸ்தான் 3பி தாக்கல் செய்தது, நீங்கள் அதற்கான எக்செல் தயார் செய்து கொடுத்தீர்கள் என்றால், அதை அப்படியே எழுதுங்கள். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. "ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தேன்" என்று எழுதிவிட்டு, இன்டர்வியூவில் "2பி-யில் வராத பில்லை என்ன செய்வீங்க?" என்ற கேள்விக்கு விழித்தால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள். (பதில் இதுதான்: சப்ளையர் ஏற்றி நம் 2பி-யில் வரும்வரை அந்தப் பில்லில் கட்டிய ஜிஎஸ்டியை வரவாக எடுக்கக் கூடாது. பில்லைத் தனிப் பட்டியலில் வைத்து, பார்ட்டியை விடாமல் கேட்க வேண்டும். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 தாண்டினால், அல்லது அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் ஆகிவிட்டால், வரவு போய்விடும்.)

இந்தத் தாளில் மூன்றே வினைச்சொல் போதும். தனியாகச் செய்ததற்கு "செய்தேன்". ஒருவர் மேற்பார்வையில் செய்ததற்கு "உதவினேன்". பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததற்கு "பார்த்திருக்கிறேன்". மூன்றாவது வகையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

வரியை எழுதும் விதம்

இந்தப் பகுதிக் கம்பெனிகளுக்கு ரெஸ்யூம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகிறது. அது எளிய, சின்ன வாக்கியங்களில் இருக்கட்டும். இணையத்தில் கிடைக்கும் அலங்கார வார்த்தைகள் வேண்டாம். கீழே உள்ள மாதிரிகளைத் தமிழில் தருகிறோம். முதலில் தமிழில் இப்படித் தெளிவாக வந்துவிட்டால் ஆங்கிலத்தில் மாற்றுவது சிரமமில்லை.

"பர்ச்சேஸ் என்ட்ரி போட்டேன்" என்று இருக்கும் வரியை இப்படி மாற்றலாம்:

"மாதம் சுமார் 250 பர்ச்சேஸ் பில். ஆர்டர், டெலிவரி சலான், பில் மூன்றையும் ஒத்துப் பார்த்து டேலி பிரைமில் என்ட்ரி. எடை குறைந்தாலோ விலை கூடினாலோ டெபிட் நோட். மாதம் 14க்குப் பின் 2பி-யோடு ஒப்பிட்டு, வராத பில்களின் பட்டியல். 3பி தாக்கல் ஆடிட்டர் ஆபீஸில்."

"பேங்க் ரீகன்சிலியேஷன் தெரியும்" என்பதை இப்படி:

"மூன்று வங்கிக் கணக்கு, அதில் ஒன்று ஓ.டி. வாரம் ஒருமுறை ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்த்தல். பாஸ் ஆகாத செக், புத்தகத்தில் ஏறாத வங்கிக் கட்டணம், யார் போட்டது என்று தெரியாத வரவு, இவற்றுக்குத் தனிப் பட்டியல்."

"சம்பளக் கணக்கு பார்த்தேன்" என்பதை இப்படி:

"120 பேருக்கு வாரக் கூலி, பாதிப் பேர் ஷிப்ட், பாதிப் பேர் பீஸ் ரேட். அட்வான்ஸ் கழித்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் பட்டியல். மாத முடிவில் பிஎஃப், இஎஸ்ஐ ஏற்றும் கோப்பு தயாரிப்பு."

இந்த எண்கள் மாதிரிக்குத்தான். உங்கள் எண்ணை நீங்கள் போடுங்கள். எப்படித் தெரிந்துகொள்வது? டேலியில் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்றொரு அறிக்கை உண்டு. எந்த வகை வவுச்சர் எத்தனை என்று அது காட்டிவிடும். வேலையில் இருக்கும்போதே பார்த்து, ஆண்டு எண்ணிக்கையை 12ஆல் வகுத்து, "சுமார்" சேர்த்து எழுதுங்கள். திரையைப் போட்டோ எடுத்து வெளியே கொண்டுவராதீர்கள். பழைய கம்பெனியின் டர்ன்ஓவர், பையர் பெயர், லாப விகிதம், கடன் தொகை எதுவும் ரெஸ்யூமில் வரக் கூடாது. அங்கே உள்ளதை இங்கே எழுதுகிறவர், நாளைக்கு இங்கே உள்ளதையும் வெளியே சொல்வார் என்றுதான் எந்த முதலாளியும் நினைப்பார். பில் எண்ணிக்கையும் ஆள் எண்ணிக்கையும் வேலையின் அளவைச் சொல்லப் போதும்.

இங்கே பலருக்கும் தெரியாத இன்னொரு நல்ல வரி இருக்கிறது. உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். அந்தக் கெடு தாண்டி, நிதியாண்டு முடிவிலும் பாக்கி நின்றால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். ஜாப் ஒர்க்கை (சரக்கை வெளியே கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்கும் வேலை) நம்பி ஓடும் நம் பகுதியில், 2023-24 நிதியாண்டு முதல் இந்த விதி ஒவ்வொரு கம்பெனியின் மார்ச் மாதத்தையும் ஆட்டிவைக்கிறது. பார்ட்டிகளிடம் உத்யம் சான்று (குறு, சிறு நிறுவனப் பதிவுச் சான்று) வாங்கி லெட்ஜரில் குறித்தது, 45 நாள் தாண்டும் பில்களுக்குப் பட்டியல் எடுத்தது என இதில் எதையாவது செய்திருந்தால் மேலேயே போடுங்கள். ஆடிட்டர் கண் அங்கேதான் நிற்கும்.

எந்த ஊருக்கு அனுப்புகிறீர்கள்?

ஒரே ரெஸ்யூமை எல்லா ஊருக்கும் அனுப்புவதுதான் பெரிய தவறு. கணக்கு விதிகள் எங்கும் ஒன்றுதான். ஆனால் கைக்கு வரும் காகிதம் தொழிலுக்குத் தொழில் வேறு.

திருப்பூரில் கணக்கின் சிக்கலெல்லாம் ஜாப் ஒர்க்கில். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி டையிங், காம்பாக்டிங் போய் வருகிறது, கட்டிங் ஆனபின் பிரின்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என்று சுற்றுகிறது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு டெலிவரி சலான். கிலோவில் போன சரக்கு ஒரு கட்டத்தில் பீஸாகத் திரும்புகிறது. இடையில் கழிவு போகிறது. போன எடைக்கும் வந்த எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிராசஸ் லாஸ் என்று ஏற்பதா, பார்ட்டிக்கு டெபிட் நோட் போடுவதா என்பது தினசரிப் பஞ்சாயத்து. இந்தச் சலான்களை ஒத்துப் பார்த்து நிலுவைப் பட்டியல் எடுத்த அனுபவம் இருந்தால், திருப்பூர் ரெஸ்யூமில் அதுவே முதல் வரியாக வேண்டும். அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவம் 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. இதற்கான பட்டியல் தயார் செய்திருந்தால் "ஐடிசி-04 விவரம் தயாரித்தேன்" என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

எக்ஸ்போர்ட் கம்பெனி என்றால் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழி), ஷிப்பிங் பில், டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி) வரவு, வங்கியில் வந்த டாலரை இன்வாய்ஸ்வாரியாக ஒத்துப் பார்த்தல், பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டருக்கு வங்கி தரும் முன்கடன்) கணக்கு, இவற்றில் கை வைத்தது எதுவோ அது. உள்ளூர் வியாபாரம் என்றால், 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி வீதம் மாறியபோது பீஸ் ஒன்றுக்கு 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று ஆனது. அன்று டேலி மாஸ்டரில் வீதங்களை மாற்றியது நீங்கள்தான் என்றால், அதுவும் ஒரு நல்ல வரி.

கோயம்புத்தூர் ஃபவுண்டரி, பம்ப், மெஷின் ஷாப்களில் பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். காஸ்டிங் எடையும் ரிஜெக்ஷனும் அங்கே முக்கியம். 5 கோடி டர்ன்ஓவர் தாண்டிய கம்பெனிகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பதால், ஐஆர்என் (இ-இன்வாய்ஸ் பதிவு எண்) எடுத்துப் பில் போட்ட அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. சரக்கு போகும்போது கூட இருக்க வேண்டிய இ-வே பில்லும் சேர்த்து எழுதுங்கள்: மாநிலத்துக்குள் 1 லட்சத்துக்கு மேல், வெளிமாநிலத்துக்கு 50,000க்கு மேல் என்ற இரண்டு வரம்பும் நினைவில் இருக்கட்டும், கேட்பார்கள்.

நாமக்கல், சங்ககிரி லாரி ஆபீஸ்களில் டிரிப் ஷீட்தான் தாய்க் காகிதம். டிரைவர் அட்வான்ஸ், படி, டீசல், ஃபாஸ்டேக், ஏற்று இறக்குக் கூலி, பாக்கி வாடகை, எல்லாம் அதிலிருந்து பிரியும். வண்டிவாரியாக லாபக் கணக்கு எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பத்து வண்டிக்கு மிகாமல் வைத்திருப்பவர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்தால் வாடகையில் டிடிஎஸ் பிடிப்பதில்லை. ஒரே நாளில் ஒருவருக்கு ரொக்கமாகக் கொடுப்பதில் லாரிக்காரருக்கு வரம்பு 35,000, மற்றவர்களுக்கு 10,000. இந்த இரண்டும் தெரிந்தவர் என்று ஒரு வரியில் காட்டிவிடலாம்: "லாரி உரிமையாளர் உறுதிமொழிப் படிவம் வாங்கிக் கோப்பில் வைத்தேன், ரொக்க வரம்பு பார்த்து வவுச்சர் போட்டேன்."

கோழிப்பண்ணைக் கணக்கில் தீவனக் கொள்முதலும் முட்டை பாக்கி வசூலும் பெரிது. முட்டைக்கு ஜிஎஸ்டி இல்லாததால் உள்ளீட்டு வரி வரவும் இல்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டி என்றால் விரலி, கிழங்கு எனத் தனித்தனியாக மூட்டை, எடை, ஏல விலை. சோமனூர், பல்லடம் விசைத்தறி என்றால் கொடுத்த பாவும் ஊடை நூலும் வந்த துணியும் மீட்டர் கூலியும். கரூர் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக்குத் திருப்பூருக்குச் சொன்னதே பெரிதும் பொருந்தும்.

டிடிஎஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் வருவதால் பழைய பிரிவு எண்கள் மாறுகின்றன. "194சி, 194ஜே தெரியும்" என்று எண்களை மட்டும் அடுக்கினால் பழையதாகத் தெரியும். "ஒப்பந்தக் கூலி, வாடகை, தொழில்முறைக் கட்டணம் ஆகியவற்றில் டிடிஎஸ் பிடித்து 7ஆம் தேதிக்குள் செல்லான் தயாரிப்பு" என்று பணத்தின் தன்மையைச் சொல்லி எழுதினால் எந்தச் சட்டத்துக்கும் பொருந்தும்.

அனுபவம் இல்லாதவர்களுக்கு

பி.காம், பி.காம் சிஏ, பி.காம் பிஏ முடித்துவிட்டு முதல் வேலை தேடுபவர்கள் அனுபவப் பகுதியை வெறுமையாக விட வேண்டியதில்லை. டேலியில் ஒரு பயிற்சிக் கம்பெனியைத் திறந்து, ஒரு முழு மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள். 60 பர்ச்சேஸ், 40 சேல்ஸ், 30 ரொக்க வவுச்சர், ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட் இருந்தால் போதும். சில பில்களை வேண்டுமென்றே வெளிமாநிலப் பில்லாக வையுங்கள், ஐஜிஎஸ்டி வர வேண்டும். இரண்டு ரிட்டர்ன், ஒரு பவுன்ஸ் ஆன செக், ஒரு டிடிஎஸ் பிடித்த ஜாப் ஒர்க் பில் சேருங்கள். மாத முடிவில் வங்கிக் கணக்கை ஒத்துப் பார்த்து, ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கை எடுத்து, டிரயல் பேலன்ஸை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமில் "பயிற்சிக் கணக்கு" என்று தெளிவாகக் குறித்து எழுதுங்கள். பத்து நாள் மாலை உட்கார்ந்தால் முடியும் வேலை. வெறும் கோர்ஸ் சான்றிதழை விட இதைப் பற்றித்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள், உங்களாலும் பதில் சொல்ல முடியும்.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டைப்ரைட்டிங், அக்கவுண்டன்சி முடித்திருந்தால் எந்த நிலை என்று சொல்லி எழுதுங்கள். சிஏ ஃபவுண்டேஷன் தேறியிருந்தால் அதையும். எக்செல்லில் பிவட், வி-லுக்கப், சம்-இஃப்ஸ் போட வருமென்றால் பெயரோடு எழுதுங்கள்; "எக்செல் நன்கு தெரியும்" என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். "ஒரு தாள் நிலுவை, அடுத்த தேர்வில் எழுதுகிறேன்" என்றால் போதும். அசல் மதிப்பெண் பட்டியல் எப்படியும் கேட்பார்கள்.

பக்க அமைப்பும் விட்டுவிட வேண்டியவையும்

ஐந்து வருடத்துக்குள் அனுபவம் என்றால் ஏ4 தாளில் ஒரே பக்கம். அதற்கு மேல் போனாலும் இரண்டு பக்கம்தான். பெயர், போன் எண், இருக்கும் ஊர் மேலே. அடுத்து மூன்று வரி: தனியாகச் செய்யும் வேலை, மேற்பார்வையில் செய்யும் வேலை, கற்றுக்கொள்ள விரும்பும் வேலை. "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு" என்று தொடங்கும் பத்தி இருந்தால் அழித்துவிடுங்கள். பிறகு சாஃப்ட்வேர், வேலை அனுபவம் (புதியது முதலில்), படிப்பு.

சாஃப்ட்வேரில் பயன்படுத்தியதை மட்டும் போடுங்கள். பழைய ஈஆர்பி 9-க்குப் பின் 2020இல் டேலி பிரைம் வந்தது. இரண்டிலும் வேலை செய்திருந்தால் இரண்டையும் எழுதலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளில் 2023 ஏப்ரல் முதல், யார் எப்போது எந்த என்ட்ரியைத் திருத்தினார் என்று பதியும் எடிட் லாக் கட்டாயம். அதில் வேலை செய்த பழக்கம் இருந்தால் குறிப்பிடுங்கள். முன்தேதி போட்டுத் திருத்தும் பழக்கம் இல்லாதவர் என்பது அதிலேயே தெரியும்.

தேதிகளை மாதம், வருடத்தோடு எழுதுங்கள். பிஎஃப் பிடித்த கம்பெனியானால், இபிஎஃப்ஓ தளத்தில் உங்கள் யுஏஎன் எனும் பிஎஃப் எண்ணில் உள்ள சர்வீஸ் விவரத்தைத் திறந்து, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ரெஸ்யூமோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இங்கே பல சிறு கம்பெனிகளில் வேலை ஆர்டரும் கிடையாது, ரிலீவிங் லெட்டரும் கிடையாது. அந்தப் பதிவுதான் உங்களுக்கு அத்தாட்சி. விலகிய தேதி ஏறாமல் இருந்தால் பழைய இடத்தில் கேட்டு ஏற்றச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்ததாலோ வீட்டில் உடல்நலக் குறைவாலோ இடைவெளி விழுந்திருந்தால் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். தேதிகளை நீட்டி மறைப்பது கணக்கு வேலைக்கு வருபவருக்கு ஆகவே ஆகாது.

ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண், கையெழுத்து எதுவும் வேண்டாம். ரெஸ்யூம் வாட்ஸ்அப் குழு, கன்சல்டன்சி என்று எங்கெங்கோ சுற்றும். பிறர் பான், ஆதாரை வைத்து ஜிஎஸ்டி பதிவு எடுக்கும் மோசடி நடக்கிறது. பின்னால் நோட்டீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. வேலையில் சேரும் நாளில் கொடுத்தால் போதும். சாதி, மதம், அப்பா தொழில், திருமணம் ஆனதா என்பதும் இந்த வேலைக்குத் தேவையில்லாத விவரங்கள்.

ஊர் விவரம் மட்டும் தேவை. "பல்லடம், டூவீலர் உண்டு, மாத முடிவில் எட்டு மணி வரை இருக்க முடியும்" என்ற வரி உண்மையிலேயே உதவும். பஸ்ஸில்தான் வர முடியும், ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்றாலும் முன்பே தெரிவது இரு தரப்புக்கும் நல்லது. இந்தி பேச வருமென்றால் சேருங்கள். வடக்கிலிருந்து வந்த தொழிலாளர் கூலி கேட்கும்போதும், வெளிமாநில சப்ளையரிடம் பில் கேட்கும்போதும் பயன்படும்.

பெயர் சொல்லி விசாரிக்க ஒருவரைக் குறிப்பிடுவதானால் பழைய அக்கவுண்டன்ட்டோ ஆடிட்டர் ஆபீஸில் உங்களுக்கு மேலிருந்தவரோ நல்லது. முதலில் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அனுப்பும் முறை, அனுப்பும் நாள்

கோப்பைப் பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள். வேர்டு கோப்பு வேறு போனில் திறந்தால் வரிகள் குலையும். பழைய தமிழ் எழுத்துரு இருந்தால் எழுத்தே கட்டம் கட்டமாக வரும். கோப்புப் பெயரில் உங்கள் பெயர், வேலை, ஊர் மூன்றும் இருக்கட்டும். போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கூடவே மூன்று வரி போதும்: "வணக்கம் சார். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். நிட்டிங், டையிங் ஜாப் ஒர்க் சலான் கணக்கு வேலை இரண்டு வருடம் செய்தேன், இருப்பது அவிநாசி. ரெஸ்யூம் இணைத்துள்ளேன்."

7 முதல் 20 வரை அக்கவுண்ட்ஸ் பிரிவில் யாருக்கும் தலை தூக்க நேரமிருக்காது. 21க்குப் பின் அனுப்புங்கள். திருப்பூரில் சனிக்கிழமை போன் செய்யாதீர்கள், கூலி போடும் நாள். ஆடிட்டர் ஆபீஸுக்கு விண்ணப்பிப்பவர்கள் செப்டம்பர், அக்டோபர் தணிக்கை நெருக்கடி முடியும்வரை பதிலுக்குப் பொறுக்க வேண்டியிருக்கும். தீபாவளி போனஸ் வாங்கியபின் இடம் மாறுபவர்கள் இருப்பதால், பண்டிகை முடிந்த இரண்டு மூன்று வாரம் நல்ல சமயம். கூப்பிட்டால் பெரும்பாலும் டேலியில் உட்காரவைத்துப் பத்து என்ட்ரி போடச் சொல்வார்கள். முதலில் எழுதிய வெள்ளைத் தாளை அன்று காலை ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.